அயர்லாந்துக் கிராமத்துக் கல்யாணம்: கையில் கயிறா, காணிப் பத்திரமா?

கடலோடி

வணக்கம். டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஊர் கிளேர் மாவட்டத்தில், எனிஸ்டைமனிலிருந்து சில மைல் தள்ளி. அப்பா மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, “ராத்திரி வைக்கோலால் முகத்தை மூடிக்கொண்டு பத்துப் பேர் உள்ளே நுழைவார்கள், போலீசைக் கூப்பிட்டுவிடாதே” என்றான். யார் அவர்கள் என்று கேட்டால் சிரிக்கிறான்.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். மணமக்கள் கையில் கயிறு கட்டுவது, குதிரை லாடம், இதயம் பொறித்த மோதிரம் என்று எல்லா இடத்திலும் ஒரே பட்டியல். நகைக்கடை விளம்பரத்தைப் படித்ததுபோல இருந்தது. அந்த ஊர்க் கிராமங்களில் கல்யாணம் நிஜமாகவே எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன இடத்தில் அசடு வழியக் கூடாது.

மஞ்சள்முகில்

கயிறு கட்டுவதைக் கிண்டல் செய்யாதீர்கள் அண்ணா. கெல்ட் இன மக்களின் ஈராயிரம் ஆண்டு வழக்கம் அது. போன வருடம் மோஹர் பாறைகளுக்கு அருகே ஒரு தோழியின் கல்யாணத்தில் பார்த்தேன். கடல் காற்றில் மூன்று நிற நாடாவை இருவர் கையிலும் சுற்றிக் கட்டினார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. குதிரை லாடமும் உண்மைதான், மணப்பெண் அதிர்ஷ்டத்துக்காகக் கையில் வைத்திருப்பாள். சாதி, சீர், பேரம் எதுவும் இல்லாமல், இரண்டு பேர் மனமொத்துக் கட்டிய கயிறு. அதுதான் அழகு.

பழையஏடு

மஞ்சள்முகில், உங்கள் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஈராயிரம் ஆண்டைத்தான் சந்தேகிக்கிறேன்.

அயர்லாந்தில் 1935-இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அரசே தொடங்கியது. 1937, 38-இல் ஏறத்தாழ ஐயாயிரம் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் கேட்டதைக் கையால் எழுதி அனுப்பினார்கள். கொடுக்கப்பட்ட தலைப்புகளில் கல்யாண வழக்கமும் ஒன்று. அந்த நோட்டுப் புத்தகங்களை இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நான் ஒரு மழைக்காலம் முழுக்க அதில் கிடந்திருக்கிறேன். தரகர் வருகிறார், விஸ்கி வருகிறது, பசு வருகிறது, புகுந்த வீட்டு வாசலில் மருமகள் தலைக்கு மேல் மாமியார் ஓட்ஸ் ரொட்டியை உடைக்கிறார். கயிறு மட்டும் என் கண்ணில் படவில்லை. கிராமங்களில் அது அண்மைக் காலத்து வரவு என்பது என் கணிப்பு.

கயிறு இல்லாத ஒரு பழங்கதை உண்டு. மீத் மாவட்டத்தில் டெல்டவுன் என்ற இடம். அங்கே பழைய காலத்துத் திருவிழாவில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்களாம். ஒத்து வரவில்லையென்றால் அதே மேட்டுக்குத் திரும்பி வந்து, முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒருவர் வடக்கே மற்றவர் தெற்கே நடந்துவிட்டால் உறவு தீர்ந்தது. 1836-இல் நில அளவைத் துறைக்காக ஊர் ஊராகப் போன ஜான் ஓ’டோனவன் இதை எழுதி வைத்தார். அப்போதே அது தாத்தா சொன்ன கதை.

இதற்கெல்லாம் மூத்த சான்று வேண்டுமென்றால் கி.பி. 700-ஐ ஒட்டிய சட்ட நூலைப் பார்க்கலாம். ஆண் பெண் உறவை அது வகை பிரிக்கும் விதத்தைப் பாருங்கள்: இருவரும் சொத்துக் கொண்டுவந்த உறவு, ஆணின் சொத்தில் பெண் வந்து சேர்ந்த உறவு, பெண்ணின் சொத்தில் ஆண் வந்து சேர்ந்த உறவு என்றுதான் முதல் மூன்றும். மனமொத்த கயிறு எங்கே இருக்கிறது?

மஞ்சள்முகில்

சரி, கயிற்றை விட்டுவிடுகிறேன். மோதிரத்தையாவது விடுவீர்களா?

பழையஏடு

மோதிரம் அசல்தான். கால்வே நகரை ஒட்டிய கிளாடா என்ற மீனவர் குப்பத்தின் பெயரில் வந்தது. இரண்டு கை, நடுவே இதயம், மேலே கிரீடம். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் நகை.

செவிலி

நான் கிளேர் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 2014-இல் அவருக்கு வயது எண்பத்தேழு. கல்யாணம் ஆனது 1951-இல், இருபத்து நான்கு வயதில். மாப்பிள்ளைக்கு நாற்பத்து நான்கு. கல்யாணத்துக்கு முன் அவரை இரண்டு முறை பார்த்தாராம், அதில் ஒரு முறை அவருடைய முதுகை மட்டும்.

சந்தை நாளில் மதுக்கடையில் பேச்சு தொடங்கியது. மறுவாரம் பாட்டியின் அப்பா மாப்பிள்ளை வீட்டு நிலத்தை நடந்து பார்க்கப் போனார். அங்கே அதற்குப் பெயரே ‘நிலம் நடப்பது’. மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடக் கோரையைத்தான் அதிக நேரம் பார்த்தாராம். கோரை முளைத்தால் அடியில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். குதிகாலால் மண்ணை அழுத்தி, நீர் ஊறுகிறதா என்று பார்த்தார். மாடுகளை எண்ணினார். பக்கத்து வீட்டு மாட்டை இரவோடு இரவாக ஓட்டிவந்து நிறுத்தி ஏமாற்றுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததால், இரண்டு பசுக்களின் மடியைத் தொட்டுப் பார்த்து, “இது எப்போது கன்று போட்டது?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டாராம். தயங்காமல் பதில் சொன்னார் மாப்பிள்ளை. “அந்தப் பதிலுக்குத்தான் என்னைக் கொடுத்தார்கள்” என்பார் பாட்டி.

பிறகு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரம். அதன் வரிகள் பாட்டிக்கு ஜெபம்போல மனப்பாடம். பண்ணை மகன் பெயருக்கு மாறுகிறது. பெற்றோருக்கு வீட்டின் மேற்கு அறை. ஒரு பசுவுக்கான புல். உருளைக்கிழங்கும் எரிக்கக் கரியும் (அங்கே சேற்று நிலத்தில் வெட்டி உலர்த்தும் கரி). ஞாயிறு பூசைக்குப் போகும் குதிரை வண்டியில் ஓர் இருக்கை. அடுப்பங்கரையில் உட்கார இடம். பெற்ற மகன் வீட்டில் உட்கார்ந்துகொள்ள உரிமை என்று எழுதி, முத்திரை குத்தி வாங்குகிறார்கள்!

ஆனால் அடுப்பு பாட்டியின் கைக்கு வரவில்லை. அந்த வீடுகளில் நெருப்பு அணையவே கூடாது. இரவில் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி எடுப்பார்கள். அதைச் செய்பவள்தான் வீட்டுக்காரி. மாமியார் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், இடுக்கியைக் கொடுக்கவில்லை. பதினோரு வருடம் ஒவ்வோர் இரவும் மேற்கு அறையிலிருந்து எழுந்து வந்து அவரே தணலை மூடினார். ஒரு நாள் எழ முடியவில்லை. உள்ளேயிருந்து, “சாம்பலை அதிகம் போடாதே” என்று மட்டும் குரல் வந்ததாம். பாட்டிக்கு எண்பத்தேழு வயதிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முகம் மாறும். கோபமா பாசமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சிற்றாறு

“முதுகை மட்டும்.” பேருந்தில் படித்துச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் முறைக்கிறார்.

நேர்கோடு

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இருபத்து நான்கு வயதுப் பெண்ணை இருபது வயது மூத்தவருக்கு, மாட்டின் மடியைப் பார்த்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மேலே பணமும் கொடுத்திருப்பார்கள். அதை ஏதோ நாட்டார் கலைபோல ரசித்துப் பேசுகிறோம். வரதட்சிணை எந்த ஊரில் இருந்தாலும் வரதட்சிணைதான்.

பழையஏடு

நேர்கோடு சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் இதே கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்தார்கள். பேரம் நடக்கும் முறையை ஒரு விவசாயி அவர்களுக்கு விளக்கியிருக்கிறார். பெண்ணின் அப்பா முதலில் எத்தனை பசு, எத்தனை ஆடு, எத்தனை குதிரை என்று கேட்பார். பிறகு ஊற்றுக் கிணறு உண்டா, சாலையிலிருந்து எவ்வளவு தூரம், கோவிலும் பள்ளியும் பக்கமா என்ற கேள்விகள். சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பண்ணைக்குப் பெரிய தொகை கிடைக்காது. சாலையோரம், எட்டுப் பசு மேயும் இடம் என்றால் பையன் வீட்டார் 350 பவுண்டு கேட்பார்கள். பெண் வீட்டார் 250 என்பார்கள். பையனின் அப்பா ஐம்பது குறைப்பார். பெண்ணின் அப்பா 250-லேயே நிற்பார். நடுவில் இருக்கும் தரகர் மீதி ஐம்பதை இருவருக்கும் பாதியாகப் பிரிப்பார். 275-இல் கை குலுக்கல். மாட்டுச் சந்தையில் நடப்பதும் இதே நாடகம்தான்.

இந்த 275 பவுண்டு மணமக்களுக்குப் போகவில்லை. பையனின் அப்பா கைக்குப் போனது. அதை வைத்து அவர் தம் மகளைக் கட்டிக்கொடுப்பார், அல்லது மற்றப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பார். அந்த மகள் கொண்டுபோன பணம் அடுத்த வீட்டு மகளைக் கட்டிக்கொடுக்கும். பணம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் இல்லாத வீடு வந்தால்தான் நிற்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் வருவதற்கு முன், ஏழைகள் நிலத்தைத் துண்டு துண்டாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சீக்கிரமே கல்யாணம் செய்துவைத்தார்கள். பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் பாடம் கற்றார்கள். நிலத்தைப் பிரிக்காதே, ஒரே பிள்ளைக்குக் கொடு, மற்றவர்கள் புறப்படட்டும். அந்த ஒரு பிள்ளையும் அப்பா கைவிடும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நாற்பத்தைந்து வயதானாலும் ஊருக்கு அவன் ‘பையன்’தான். 1911 கணக்கெடுப்பில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தலைமுறையில் கால்வாசிப் பேர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். நேர்கோடு, எனக்கு அந்த 275 பவுண்டைவிட இந்தக் கால்வாசிப் பேர்தான் உறுத்துகிறார்கள்.

இன்னொன்று. ஐரிஷ் மொழியில் இந்தச் சீதனத்துக்கு ‘ஸ்ப்ரே’ என்று பெயர். வாசனைத் தைலம் என்று நினைத்துவிடாதீர்கள். கால்நடை என்றும் அதற்குப் பொருள் உண்டு. மாடு என்றால் செல்வம் என்று படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேர்கோடு

பணம் சுற்றியது, சரி. பெண்ணும் கூடவே சுற்றினாளே. பிள்ளை பிறக்காவிட்டால் என்ன செய்தார்கள்?

பழையஏடு

சில இடங்களில் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கத்தோலிக்க நாட்டில் அன்று சட்டப்படி விவாகரத்து கிடையாது, ஆனால் ‘நாட்டுப்புற விவாகரத்து’ என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கடற்கரையோன்

கல்யாணக் காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஊரிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் அயர்லாந்துக்காரர்கள் அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஊரையே ரெண்டு படுத்தியிருக்கிறார்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்வரைதான் கிராமத்தில் கல்யாண வேட்டை. வயலில் வேலையில்லாத குளிர்காலம், தரகர்களுக்கு ஓய்வே இருக்காது. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று கோவில் கதவில் ஜோடிகள் வரிசைகட்டும். அன்றைக்கும் தப்பினவன் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும், நடைமுறையில் அடுத்த வருடம்தான்.

தப்பினவர்களை ஊர் சும்மா விடவில்லை. தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்குச் சுண்ணக்கட்டி ஞாயிறு என்று பெயர். பூசைக்கு வரும் கல்யாணமாகாதவர்களின் கோட்டு முதுகில் பையன்கள் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துவிட்டு ஓடுவார்கள். முழங்காலில் நின்று ஜெபிக்கிறவருக்குத் தம் முதுகில் கோடு இருப்பது தெரியாது, பின்வரிசை முழுக்கத் தெரியும். சில ஊர்களில் உப்புத் திங்கள். முற்றினவர்கள் கெட்டுப்போகாமல் அடுத்த வருடம்வரை தாங்கட்டும் என்று உப்பைத் தூவுவார்களாம். என்ன நக்கல்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கெர்ரியிலும் கார்க்கிலும் நடந்த ஸ்கெல்லிக் பட்டியல். கெர்ரிக் கடலுக்குள் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற செங்குத்துப் பாறைத் தீவு, உச்சியில் பழைய துறவி மடம். அங்கே துறவிகள் பழைய நாள்கணக்கையே பின்பற்றியதால் தவக்காலம் தாமதமாகத்தான் தொடங்கும், ஆகவே இங்கே தவறவிட்டவர்கள் அங்கே படகேறிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு. அதைச் சாக்காக வைத்து, ஊரிலுள்ள முதிர்ந்த பிரம்மச்சாரிகளையும் கன்னிகளையும் பொருத்தமே இல்லாத ஜோடிகளாக்கி, இன்னார் இன்னாரோடு படகேறுகிறார் என்று பாட்டுக் கட்டிக் கையிலிருந்து கைக்கு அனுப்பினார்கள். பெயரோடு! அச்சடித்து விற்றதும் உண்டு. இன்றைய மீம்காரர்கள் கொஞ்சம் அடக்கம்தான்.

சிற்றாறு

செப்டம்பரில் கிளேரில் ஜோடி சேர்க்கும் திருவிழா என்று செய்தியில் பார்த்தேனே, அது வேறா?

கடற்கரையோன்

அது லிஸ்டூன்வார்னா. கந்தகமும் இரும்பும் கலந்த ஊற்றுநீர் இருக்கும் ஊர். அறுவடை முடித்த விவசாயிகள் கையில் காசோடு உடம்பைத் தேற்ற வருவார்கள், வந்த இடத்தில் பெண் பார்ப்பார்கள். இன்றும் வில்லி டேலி என்ற தரகர் கயிறு போட்டுக் கட்டிய பழைய பேரேட்டோடு உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். மஞ்சள்முகிலுக்கு ஒருவழியாகக் கயிறு கிடைத்துவிட்டது.

மஞ்சள்முகில்

:) ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. எல்லாரும் அப்பா சொன்ன பெண்ணைத்தான் கட்டினார்களா? ஒருத்தர்கூட ஓடிப்போகவில்லையா?

பழையஏடு

ஓடினார்கள், நிறையவே. ஓர் இரவு ஓடிப்போய் உறவினர் வீட்டில் தங்கிவிட்டால் போதும், பெண்ணின் பெயர் கெட்டுவிட்டதென்று மறுநாள் இரு வீட்டாரும் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்கள். சில சமயம் பெண்ணின் அம்மாவுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும். பேரமும் மிச்சம்.

கிளேரில் நடந்ததை நாடு முழுக்க நீட்டிவிடவும் வேண்டாம். டொனிகல் கரைக்கு அப்பால் டோரி என்ற சின்னத் தீவு இருக்கிறது. அங்கே கல்யாணம் முடிந்ததும் மணமகள் தன் அம்மா வீட்டுக்கே திரும்பிவிடுவாள், மணமகன் தன் அம்மா வீட்டுக்கு. புருஷன் மாலையில் வந்துபோவான். 1960-களில்கூட அப்படி வாழ்ந்த தம்பதிகளை மானிடவியலாளர் ஒருவர் பார்த்து எழுதினார். காரணம் கேட்டால், “அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?” என்று பதில் வரும். அங்கே நிலம் பெண்பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் பிரியும். ஆகவே நிலத்துக்காக மருமகள் இடம் மாற வேண்டியதில்லை. செவிலி சொன்ன பாட்டி அந்தத் தீவில் பிறந்திருந்தால் இடுக்கிப் பிரச்சினையே வந்திருக்காது.

செவிலி

பாட்டி உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

கடலோடி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கல்யாணம் நடந்தது. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு ரயிலில் படித்தேன், நன்றி.

முந்தின நாள் சாயங்காலம் நண்பனின் அம்மா குழந்தை இயேசு சுரூபத்தை (சிலையை) எடுத்துக்கொண்டுபோய் வேலிச் செடிக்கு அடியில் வைத்தார். மறுநாள் மழை வராமலிருக்க அதுதான் ஏற்பாடு. கழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பசைத் தடம். தலை உடைந்து ஒட்டிய சுரூபத்துக்குத்தான் சக்தி அதிகமாம். காலை பத்து மணிவரை கொட்டியது. பிறகு நின்றது. “கொஞ்சம் தூங்கிவிட்டார்” என்றார் அந்த அம்மா.

காலையில் நண்பனின் அப்பாவோடு கொட்டகைக்குப் போனேன். நிலம் நடப்பதைப் பற்றிக் கேட்டேன். தம் பெற்றோருக்கு அப்படித்தான் முடிந்தது என்றார். “தாத்தா முதலில் கேட்டது கிணற்றைத்தான்” என்று சொல்லி, என்னை அழைத்துப்போய்க் காட்டினார். இரும்பு மூடி போட்டிருக்கிறது. மேற்கு அறையில் இப்போது கன்றுகளுக்குப் பால் கொடுக்கும் புட்டிகளும் ஒரு பழைய அச்சு இயந்திரமும் கிடக்கின்றன. உண்மையில் அது மேற்கில்தானா என்று கைப்பேசியில் திசை பார்த்தேன். மேற்குதான்.

இனி வைக்கோல். இரவு பத்தரைக்கு ஹோட்டல் மண்டபத்தில் நடனம் நடந்துகொண்டிருந்தது. இசைக்காரர்கள் திடீரென்று பாட்டை மாற்றினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு பத்துப் பேர். தலையில் தோள்வரை இறங்கும் கூம்பு, முழுக்க முடைந்த வைக்கோல். கண் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் கொஞ்சம் விலகியிருந்தது, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை. இரண்டு பேர் பாவாடை கட்டியிருந்தார்கள், கால்களைப் பார்த்தால் ஆண்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, குரலில் அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா. தலைவன் நேராக மணமகளிடம் வந்து குனிந்து கை நீட்டினான். அவள் எழுந்து ஆடினாள். அவன் சுற்றும்போது வைக்கோல் தூசி விளக்கில் பறந்தது, நான் நின்ற இடம்வரை களத்து வாசனை. மாட்டுக்கொட்டகையில் காலையில் வந்த அதே வாசனை.

பக்கத்தில் இருந்த பெரியவரிடம் விவரம் கேட்டேன். முன்பெல்லாம் இவர்கள் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத இளைஞர்களாம். வீட்டில் எல்லாரையும் அழைக்க வசதி இருக்காது. அழைக்காதவன் முகத்தை மூடிக்கொண்டு வருவான், மணமகளோடு ஒரு நடனம், ஒரு குவளை, பிறகு போய்விடுவான். வந்தால் தம்பதிக்கு அதிர்ஷ்டம். உபசரிக்காமல் விரட்டினால் வண்டிச் சக்கரம் காணாமல் போகும். இப்போது நண்பர்களே ஏற்பாடு செய்கிறார்கள். ஒருவன் காலில் போட்டிருந்த ஓட்டச் செருப்பை எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

பத்து நிமிடம்தான். வந்த வழியே போய்விட்டார்கள். ஹோட்டல் ஊழியர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். மணமகளின் பாட்டி அவரைத் தடுத்து, தரையிலிருந்து ஒரு தாள் வைக்கோலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நேர்கோடு

மணமகள் வீட்டார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா?

கடலோடி

கேட்டேன், நண்பனிடமே. ஹோட்டல் செலவில் பாதி. மீதிப் பாதிக்கு இரண்டு பேரும் வங்கிக் கடன் எடுத்திருக்கிறார்கள். பண்ணை இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதாம்.

பழையஏடு

அப்படியென்றால் அவன் இன்னும் ‘பையன்’தான்.

செவிலி

கடலோடி, சுரூபத்தின் தலை தானாக உடைந்ததா, உடைத்ததா? தானாக உடைந்தால்தான் செல்லும் என்று பாட்டி சொல்வார்.

கடலோடி

அந்த அம்மாவிடம் கேட்டேன் அக்கா. இன்னொரு குவளை தேநீர் ஊற்றிவிட்டு, மழை நின்றதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.